குசினிக் கதவுக்கு அனுமதி இல்லை

சனிக்கிழமை காலை. மெரிலேண்ட்ஸ் தமிழ் மண்டபத்தின் அலுவலக அறையில் கஜந்தி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே வர, பெயரை அடித்து, இவர் எந்தெந்தக் கதவைத் திறக்கலாம் என்று கணினியில் குறித்து, ஒரு வெள்ளை அட்டையை நீட்டினாள். பக்கத்துக் கதிரையில் மண்டபத் தலைவர் தருமராசா சாய்ந்திருந்தார். அட்டை வாங்க வந்த எல்லாரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"ஊரில எவடம்?"

யாழ்ப்பாணம் என்று பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது. யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், அந்த ஊரில் எந்தக் குறிச்சி, கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, தகப்பனுக்கு என்ன பெயர், தகப்பன் என்ன வேலை பார்த்தவர் என்று பல்லிடுக்கில் சிக்கியதைக் குச்சியால் நோண்டுவதுபோல நோண்டிக்கொண்டே போவார். பதில் பிடித்துவிட்டால் முகம் மலரும். பிடிக்காவிட்டால் "ஆ, சரி சரி" என்று மேசையைப் பார்ப்பார்.

கஜந்தி ஆறு வயதில் சிட்னிக்கு வந்தவள். ஊரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பாவம் மனிதர், வந்து முப்பது வருடமாகியும் ஊரை மறக்கவில்லையே என்று அவள் மனம் இளகியிருந்தது. அவர் அவளுடைய கணவன் யதுஷனின் பெரியப்பா. பெரியமாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அந்த இளக்கத்தை நினைத்து அவளுக்கே குமட்டப்போகிற நாள் அப்போது வெகு தூரத்தில் இல்லை.

மண்டபம் முன்பு ஒரு கம்பளக் கடை. சனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. வாங்கின காலத்தில் சாதாரணப் பூட்டும் சாவியும்தான். ஒருவரிடம் கொடுத்த திறப்பை அவர் கடையில் கொடுத்து இன்னொன்று வெட்டுவிக்க, அதைப் பார்த்து மற்றவர் வெட்டுவிக்க, கடைசியில் யாரிடம் திறப்பு இருக்கிறது என்பதே தெரியாமல் போனது. ஒருநாள் பூட்டு உடையாமலே ஒலிபெருக்கிகள் காணாமற்போயின. அதன் பிறகுதான் இந்த மின்பூட்டுகள் வந்தன. அட்டையைக் காட்டினால் பச்சை வெளிச்சம் வரும், கதவு திறக்கும். அனுமதி இல்லாவிட்டால் சிவப்பு.

இந்த வேலையை நடத்தக் கஜந்தியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். பராமட்டாவில் ஒரு உயர்ந்த அலுவலகக் கட்டடத்தில் அவளுடைய உத்தியோகமே அதுதான். மேலிடத்திலிருந்து ஒரு வரி வரும்: இன்னாருக்கு அனுமதி கொடு, இன்னாருடைய அனுமதியை எடு. அவள் கொடுப்பாள், எடுப்பாள். ஏன் என்று கேட்பது தன் வேலையில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. காலையில் வேலைக்கு வந்து, கீழ்வாசலில் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து முகம் வெளிறி நிற்கிற ஆளை அவள் கண்டதில்லை. அவள் இருப்பது மேல்மாடியில்.

மண்டபத்துக்கும் அவள் அப்படியே ஒழுங்கு செய்திருந்தாள். நிர்வாகக் குழுவினருக்கு எல்லாக் கதவும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு முன்வாசலும் வகுப்பறைகளும். சமைக்க வருகிறவர்களுக்குப் பின்வாசல், குசினி, பாத்திர அறை.

அந்த வரிசையில் இரஞ்சிதமும் வந்தார். நாற்பது வயதிருக்கும். படகில் வந்தவர். தடுப்பு முகாமில் வைத்திருந்து வெளியே விட்டிருந்தார்கள். வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது என்கிற விசா. லிட்கத்தில் ஒரு வீட்டில் தன்னைப் போன்ற வேறு பெண்களோடு அறை பகிர்ந்திருந்தார். வீட்டுக்குள் சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மத்தியானச் சாப்பாடு சமைத்தார். அவர் வருமுன் யாருடைய முறை என்று பெண்களுக்குள் ஒவ்வொரு கிழமையும் முறுகல். அவர் வந்ததும் எல்லாரும் நிம்மதியாக ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பைத் தருமராசா ஐஸ்கிரீம் வாளியில் அள்ளிக்கொண்டு போய் ஞாயிறும் திங்களும் சாப்பிடுவார்.

"எவடம்?"

"வவுனியா ஐயா."

"அதுக்கு முன்னம்?"

"இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கன இடத்தில இருந்தனாங்கள். எதையெண்டு சொல்ல."

தருமராசா இன்னும் ஒருதரம் நோண்டப் பார்த்தார். குசினியில் தாளிக்கிற வாசம் வந்தது. "சரி பிள்ளை, போய் அடுப்பைப் பாரும்" என்று விட்டுவிட்டார். கஜந்தி அட்டையைக் கொடுத்தாள். இரஞ்சிதம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவரை நம்பி யாரும் ஒரு கதவின் திறப்பைக் கொடுத்தது அதுதான் முதல்முறை.

அது 2013ஆம் ஆண்டு. குளிர் காலம் முழுக்க அந்தக் குசினி இரஞ்சிதத்தின் கையால் மணத்தது. பிறகு ஊரில் அவருடைய தகப்பன் இறந்துபோனார்.

போக வழியில்லை. இந்த விசாவோடு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. உயிருக்குப் பயந்து விட்டு ஓடிவந்த இடத்துக்குப் போகத்தான் முடியுமா. கொள்ளி வைத்ததைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். மகளாகத் தன்னால் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம் என்று அவருக்குப் பட்டது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குத் தன் கையால் சமைத்து, அப்பாவின் பெயரைச் சொல்லிச் சனத்துக்குச் சோறு போடவேண்டும். லிட்கம் வீட்டு அடுப்பில் பத்துப் பேருக்குக்கூடச் சமைக்க இயலாது. மண்டபத்தைக் கேட்டார். தருமராசா அவருடைய தோளைத் தொட்டு, "தாராளமாச் செய்யும் பிள்ளை. இது உங்கட மண்டபம்" என்றார். அப்போது கஜந்தியும் பக்கத்தில் நின்றாள். அந்தியேட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபம் இரஞ்சிதத்துக்கு என்று ஒழுங்காயிற்று.

சனத்துக்குச் சொல்ல வேண்டாமா? மெல்பேனில் இருந்த ஒரு மச்சாளைக் கேட்டு, தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் கொடுப்பித்தார். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலுக்கு ஒரு முறை உண்டு. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்றுதான் தொடங்கும். துக்கத்தில் இருக்கிறவருக்கு அதில் ஒளிப்பு மறைப்பு தோன்றுமா. தகப்பன் பிறந்து வளர்ந்த ஊரையும், அந்த ஊருக்குள் அவர் பிறந்த குறிச்சியையும் இரஞ்சிதம் முழுசாகச் சொல்லிவிட்டார். அறிவிப்பாளர் அதை நிறுத்தி நிதானமாக இரண்டு தரம் வாசித்தார்.

வானொலியில் ஒரு குறிச்சியின் பெயர் போய் முடிவதற்குள் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் எத்தனை காருக்குள் எத்தனை காது விறைத்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இறந்தவருக்காக ஒரு பெருமூச்சு விட்டவர்கள் குறைவு. "ஓ, அவடமோ" என்று ஒருவரையொருவர் பார்த்தவர்கள்தான் அதிகம். தருமராசாவின் தொலைபேசி அன்றைக்கு ஓயவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் கஜந்தியை அழைத்தார். இரஞ்சிதத்தின் அட்டையில் குசினியையும் பாத்திர அறையையும் எடுத்துவிடச் சொன்னார். இன்சூரன்ஸ் பிரச்சினையாம். எடுத்துப்போட்டு, பின்வளவுக் கழிவறைக் கதவை மட்டும் கொடுக்கச் சொன்னார். துப்புரவு வேலைக்கு அவர் வந்து போகலாமாம். ஏன் என்ற கேள்வி கஜந்தியின் நுனிநாக்குக்கு வந்தது. வந்ததைப் பழக்கம் விழுங்கியது. அலுவலகக் கதிரையில் இருந்தபடியே மண்டபத்துப் பூட்டுகளைக் கணினியில் திறந்து, புதிதாக ஒரு பிரிவை உண்டாக்கி, அதற்குள் இரஞ்சிதம் என்ற ஒரே ஒரு பெயரைப் போட்டாள். பிறகு கொண்டுபோன சான்ட்விச்சைச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வகுப்பறைப் பூட்டு சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். காரை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக வந்தபோதுதான், தன் வாழ்நாளில் முதல்தடவையாக, தான் எடுத்துவிட்ட ஒரு அனுமதியை அவள் நேரில் கண்டாள்.

இரஞ்சிதம் குசினிக் கதவடியில் நின்றார். காலடியில் மரக்கறிப் பைகள். அட்டையைக் காட்டினார், சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டுக் காட்டினார், சிவப்பு. மறுபக்கம் திருப்பிக் காட்டினார். கஜந்தியைக் கண்டதும் பிழை தன்னுடையது என்பதுபோலச் சிரித்தார்.

"தங்கச்சி, நான்தான் ஏதோ பழுதாக்கிப்போட்டன் போல."

கஜந்தி "பாக்கிறன் அக்கா" என்று பொய் சொன்னாள். அதற்குள் உள்ளேயிருந்து கதவு ஒரு சாண் திறந்தது. குழுவின் பொருளாளர் நாகபூசணி. கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் ரப்பர் உறை.

"குசினிக்கு இண்டைக்கு வேற ஆக்கள் நிக்கினம் இரஞ்சிதம். மரக்கறியை உதில வையும். பின்னால கழிவறை ஒரே ஊத்தையாக் கிடக்கு, வந்ததோட அதை ஒருக்காக் கழுவி விட்டீரெண்டால் நல்லது."

இரஞ்சிதம் அந்த ஒரு சாண் இடைவெளியால் நாகபூசணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த ரப்பர் உறையைப் பார்த்தார். கேட்டுத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. பிறந்தது முதல் அவருக்குத் தெரிந்த பார்வை அது. குனிந்து மரக்கறிப் பைகளை எடுத்துக்கொண்டு ரயில் நிலையப் பக்கமாக நடந்தார். கஜந்தி கூப்பிட நினைத்தாள்.

உள்ளே போனாள். குசினி முழுக்கக் கிருமிநாசினி நாற்றம். மேசையில் புத்தம் புதுச் சமையல் கிடாரங்கள், கடை ஒட்டின விலைத்துண்டோடு இருந்தன. அகப்பை, தாச்சி, வாளி எல்லாம் புதுசு. பழைய பாத்திரங்கள் வெளியே குப்பைத் தொட்டியடியில் குவிந்து கிடந்ததை அவள் வரும்போதே கண்டிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லாத நல்ல பாத்திரங்கள்.

"பாத்திரத்துக்கு என்ன நடந்தது அன்ரி?"

நாகபூசணி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். வானொலியில் சொன்ன குறிச்சியில் இருக்கிற ஆட்கள் வேறு ஆட்களாம். ஊரில் அவர்கள் இவர்களுடைய வீட்டுப் படலை தாண்டி வந்ததில்லையாம். மனிசி கெட்டித்தனமாக வவுனியா என்று சொல்லி உள்ளே வந்துவிட்டதாம். தான் இதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லையாம், தன்னுடைய மகள் வெள்ளைக்காரனைக் கட்டியிருக்கிறாளாம், ஆனால் சனம் என்று ஒன்று இருக்கிறதாம். சொல்லி முடித்துத் தொண்டையைத் தடவினார்.

"இவ்வளவு நாளும் அந்தக் கையால சாப்பிட்டனாங்கள் எண்டு நினைக்க எனக்கு வயித்தைப் பிரட்டுது பிள்ளை."

கஜந்திக்கும் வயிற்றைப் பிரட்டியது. இரஞ்சிதத்தின் சாப்பாட்டை நினைத்தல்ல. வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஊரில எவடம்" என்று பெரியமாமா கேட்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அது ஊர்ப் பாசம் இல்லை. மீன் வாங்கப் போகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஆளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அவர் தூக்கிப் பார்த்துச் சொன்னதை அவள் கணினியில் அடித்திருக்கிறாள். கழிவறையைத் திறக்கலாம், குசினியைத் திறக்கக்கூடாது. இப்படி ஒரு பிரிவை அவள்தான் தன் கையால் உண்டாக்கினாள். நாற்றம் பிடித்த அந்தப் புத்தி யாருடையதாக இருந்தாலும் அதற்கு மின்சாரம் கொடுத்தது அவள்.

வீட்டில் யதுஷனிடம் சொன்னாள். அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான். கேட்டதில் அவனுக்கு அதிர்ச்சி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய ஆட்கள் அப்படித்தான், இதைப் பெரிதாக்கவேண்டாம், மண்டபத்தில் பிளவு வந்தால் வெளியே எங்களுக்குத்தான் வெட்கம் என்றான். அவள் விடாமல் கேட்கவும் அவனுக்கு அலுத்துப்போனது.

"நீ ஏன் இவ்வளவு ரென்ஷன் ஆகிறாய்? எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே. உன்ர அப்பாவின்ர குறிச்சியை விசாரிச்சுத்தானே பெரியப்பா எங்கட கலியாணத்துக்கு ஓம் எண்டவர்."

பல்கலைக்கழகத்தில் சந்தித்து, தாங்களாகவே விரும்பிக் கட்டியதாகத்தான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள். முதல்நாள் வீட்டுக்கு வந்த பெரியமாமா அப்பாவோடு ஊர்க்கதை பேசினதை எத்தனை பேரிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் அன்றைக்குப் பச்சை வெளிச்சம் போட்டுத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த கணவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எழுந்து மற்ற அறைக்குப் போனாள்.

அந்தியேட்டிக்கு முன்வந்த புதன்கிழமை மாலை நிர்வாகக் குழுக் கூட்டம். மேசையில் தேத்தண்ணியும் உழுந்து வடையும். தருமராசா முன்னே இருந்தார், நாகபூசணி பக்கத்தில். கஜந்தி குழுவில் இல்லை; மடிக்கணினியோடு வந்து, ஒரு விஷயம் முடிக்கவேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தாள். இரஞ்சிதத்துக்கு மண்டபம் ஞாயிற்றுக்கிழமை என்று குழுவே கொடுத்திருக்கிறது. குசினி திறக்காமல் அவர் எப்படிச் சமைப்பார் என்று கேட்டாள்.

தருமராசாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அசிங்கமாகப் பட்டது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல மெதுவாக விளங்கப்படுத்தினார். மண்டபத்தை அவர் எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது. சாப்பாட்டைக் கடையில் பார்சலாக எடுத்தால் போயிற்று. தான் சாதி பார்க்கிறவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் சமைத்தார் என்றால் சனம் கை நனைக்காமல் எழும்பிப் போகும், அவமானம் அந்தப் பிள்ளைக்குத்தான். அவருடைய நன்மைக்காகத்தான் இந்த ஏற்பாடு. கடைசியில் ஒரு புன்னகை.

"இதெல்லாம் உனக்கு விளங்காது. நீ பட்டனை அமத்து, மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

"சரி பெரியமாமா. அமத்துறன்" என்றாள் கஜந்தி. "ஆனா ஒருத்தற்ற அனுமதியை எடுக்கேக்க, காரணம் எண்டு ஒரு பெட்டி வரும். இவ்வளவு நாளும் அதை நான் வெறுமையா விட்டிட்டன். என்ன எழுத?"

"இன்சூரன்ஸ் எண்டு போடு."

"இன்சூரன்ஸ்காரரிட்ட எடுத்துக் கேட்டனான். அவைக்கு அப்பிடி ஒரு ஆளைப் பற்றித் தெரியாது."

"கமிட்டி முடிவு எண்டு போடு அப்ப."

"ஏன் கமிட்டி அப்பிடி முடிவெடுத்தது எண்டதுதான் காரணம். நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கோ. சொல்லுற சொல்லை அப்பிடியே தமிழில அடிக்கிறன். அட்டை வைச்சிருக்கிற எல்லாருக்கும் ஈமெயிலில போகும்."

அவள் விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காருக்குள் சொல்வார்கள், கலியாண வீட்டில் காதுக்குள் சொல்வார்கள், பெண் பார்க்கப் போகுமுன் தொலைபேசியில் மணிக்கணக்காகச் சொல்வார்கள். அந்தச் சொல்லை அத்தனை பேரும் நாக்கில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் எழுத்தில் விழப்போகிறது என்றதும் வடையை மென்றுகொண்டு மேசையைப் பார்த்தார்கள். பொறியியலாளர், மருத்துவர், கணக்காளர் எல்லாம் இருந்த மேசை அது. நாகபூசணி கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

"பாருங்கோ" என்றாள் கஜந்தி. "இரஞ்சிதம் அக்கா கடலில வரேக்க உடுத்தின உடுப்போட வந்தவ. நாங்கள் பிளேனில வந்தனாங்கள், ஆளுக்கு முப்பது கிலோவோட. அதுக்குள்ள இந்த ஊத்தையையும் மடிச்சு வைச்சுக் கொண்டு வந்திட்டம். இங்க வெள்ளைக்காரன் வேலை தராட்டி, எங்கட பேரைப் பாத்து ஒதுக்கிறான் எண்டு கத்துறம். அவன் கதவைச் சாத்தினா ரேசிசம், நாங்கள் குசினியைப் பூட்டினா இன்சூரன்ஸ்."

சொல்லிக்கொண்டே இரஞ்சிதத்தின் பெயரைப் பழைய பிரிவுக்கு மாற்றினாள். ஒரே ஒரு பெயர் இருந்த அந்தப் புதிய பிரிவை அழித்தாள்.

தருமராசாவின் புன்னகை போயிற்று. நாளைக்கே வேறு ஆளைப் பிடித்து மாற்றுவேன் என்றார்.

"மாத்துங்கோ. காரணம் எழுதாம இனி ஒருத்தற்ற அனுமதியையும் எடுக்கேலாத மாதிரி ஒழுங்கு செய்திருக்கிறன். எழுதிப்போட்டு மாத்துங்கோ."

வியாழக்கிழமை ஒருவரும் மாற்றவில்லை. வெள்ளியும் மாற்றவில்லை. அவர்களுக்கு மனம் மாறிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தப் பெட்டிக்குள் எழுதுவதற்கு ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை இரஞ்சிதம் லிட்கம் வீட்டுப் பெண்களோடு வந்தார். கஜந்தி தொலைபேசியில் கதவு திறக்கும் என்று சொன்னபோது "பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அட்டையைக் காட்டினார், பச்சை. சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளே போய்ப் புதுக் கிடாரங்களில் ஒட்டியிருந்த விலைத்துண்டுகளை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு அரிசி களைந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். ஐயர் கிரியையை முடித்துக்கொடுத்தார். தகப்பனுடைய படத்துக்கு முன் இரஞ்சிதம் முதல் இலையைப் படைத்தார்.

நூறு கதிரை போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் வெறுமை. நிர்வாகக் குழுவில் ஒருவரும் வரவில்லை. படகில் வந்தவர்கள் வந்தார்கள், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் பிள்ளைகளோடு வந்தார்கள், வானொலியில் கேட்டு வந்த முன்பின் தெரியாத ஒரு முதிய தம்பதி வந்தார்கள். யதுஷன் வெகுநேரம் காருக்குள் இருந்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவனை மன்னிப்பதா என்று கஜந்தி இன்னும் முடிவு செய்யவில்லை.

சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் குசினிக்குள் போனாள். இரஞ்சிதம் தனியாக நின்று பாயசத்தை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நடந்தது அவருக்குத் தெரியும் என்று கஜந்திக்குத் தெரியும். ஒரு நன்றி வரும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தாள். அதைக் காட்டிக்கொள்ளாமல், "குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றாள். "அண்டைக்கு அவர் எடுக்கச் சொன்னவர், நான் எடுத்தனான். எனக்கு ஒண்டும் தெரியாது."

இரஞ்சிதம் அகப்பையைக் கிடாரத்தில் சாய்த்து வைத்தார்.

"எங்கட குறிச்சியில எல்லாம் உப்புக் கிணறு தங்கச்சி. நல்ல தண்ணிக் கிணறு பக்கத்துக் குறிச்சியில. நாங்கள் தண்ணி அள்ளாம இருக்க அந்தக் கிணத்தடிப் படலைக்குப் பூட்டுப் போட்டிருந்தவை. திறப்பு வைச்சிருந்த ஆளை அப்பா ஒருக்காக் கேட்டவராம், ஏன் பூட்டுறீர் எண்டு. எனக்கு ஒண்டும் தெரியாது, பூட்டச் சொன்னவை, பூட்டுறன் எண்டாராம். அப்பா சாகும்மட்டும் அந்த ஆளைத்தான் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டவர். பூட்டச் சொன்னவையைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்லை."

"ஏனக்கா?"

"சொன்னவை திருந்தாயினம் எண்டு அவருக்குத் தெரியும். திறப்பு வைச்சிருந்த அந்த ஒரு ஆள் மாட்டன் எண்டு சொல்லியிருந்தால் அண்டைக்கு எங்களுக்குத் தண்ணி கிடைச்சிருக்கும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடி பாயசத்தை ஊற்றத் தொடங்கினார். கஜந்திக்கு முகம் எரிந்தது. புதன்கிழமை முதல் தன்னை நினைத்துக்கொண்டிருந்த பெருமையெல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்தது. சொன்னவர் ஒருவர், செய்தவர் ஒருவர் என்று பாவத்தைப் பங்கு பிரித்தால் ஆளுக்குப் பாதியாகக் குறையும் என்று அவள் நினைத்திருந்தாள். குறையாது. சொன்னவருக்கும் முழுசு, செய்தவருக்கும் முழுசு.

"இனி ஆர் பூட்டச் சொன்னாலும் ஏன் எண்டு கேப்பன் அக்கா" என்றாள். "வாய் திறந்து சொல்லக் கூசுற காரணத்துக்கு என்ர கையால ஒரு கதவையும் பூட்ட மாட்டன்."